குளவியின் ட்ரிப் ஷீட்

ஜூலை 30

கஸ்தூரி இன்று காலை பெங்களூருக்கு பஸ் ஏறினாள். 7.15க்கு எடுக்க வேண்டிய வண்டி 7.22க்குத்தான் கிளம்பியது. டிரைவரிடம் கேட்டேன். "பெருசு, நீ போய் டீ குடி" என்றான். முப்பத்தாறு வருடம் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு இந்த மரியாதை.

எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று ட்ரிப் ஷீட்டில் எழுதுவதுதான் என் வேலை. மே மாதம் சந்தன மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எழுதிய கை சும்மா இருக்க மறுக்கிறது. அதனால் இந்த நோட்டு.

முறைப்படி எங்கள் மகள் செம்மலர் பிரசவத்துக்கு இங்கேதான் வந்திருக்க வேண்டும். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டதால் அம்மாக்காரி மகள் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகித் தவறிவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வந்து, மாத்திரை ரெண்டு நிமிசம் லேட்டு, கஞ்சி அஞ்சு நிமிசம் லேட்டுன்னு அவளுக்கு பிரஷர ஏத்தவா? இங்கயே இருங்க" என்றாள் கஸ்தூரி.

ஜூலை 31

சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். ரசத்தில் இரண்டுக்கும் சேர்த்து இருந்தது.

ஆகஸ்ட் 1

குளியலறைச் சுவரில் ஒரு சிலந்தி. கால்களையும் சேர்த்தால் என் உள்ளங்கை அகலம். வலை எதுவும் கட்டவில்லை. சும்மா சுவரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாவது மாடியில் குடியிருப்பவனுக்குத் தண்ணீர் சிக்கனம் முக்கியம். எனவே இன்று குளிக்கவில்லை.

ஆகஸ்ட் 2

ஹாலில் காலையிலிருந்து விட்டுவிட்டு ஒரு ரீங்காரம். மிக்ஸியை யாரோ தூரத்தில் ஓட்டுவது போல இருந்தது. தேடிப் பார்த்ததில் சுவர்க் கடிகாரத்தின் கீழ் விளிம்பில் ஒரு குளவி. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், இடுப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஈர மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டிக்கொண்டிருந்தது. கூட்டின் பாதி கடிகாரத்தில், பாதி சுவரில். வீட்டில் எத்தனையோ இடமிருக்க, என் கடிகாரம்தான் கிடைத்ததா?

கஸ்தூரிக்கு போன் செய்து, துடைப்பத்தால் தட்டிவிடப் போகிறேன் என்றேன். போட்டாளே ஒரு சத்தம்.

"அய்யய்யோ, கைய வெச்சிடாதீங்க! குளவி கூடு கட்டுனா அந்தக் குடும்பத்துக்குக் கொழந்த வரப் போவுதுன்னு அர்த்தம். ஒடச்சா என்ன ஆவும்னு நான் வாயால சொல்ல மாட்டேன். புள்ளத்தாச்சி இருக்கற குடும்பத்துல ஒரு பூச்சி புழுவக்கூடக் கொல்லக் கூடாது."

நான் எங்கள் வட்டாரப் பகுத்தறிவாளர் மன்றத்தில் பதினெட்டு வருடம் செயலாளராக இருந்தவன். என்னிடமா இந்தக் கதை? குளவியே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்றால் பிரசவ ஆஸ்பத்திரி எதற்கு என்று ஆரம்பித்தேன். வழக்கமாக இந்த இடத்தில் அவள் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்வாள். இன்று அழுதுவிட்டாள். முப்பத்துநான்கு வருடத்தில் வாதம் நடக்கும்போது அவள் அழுததே இல்லை.

"இந்த ஒரு தடவ மட்டும் நான் சொல்றதக் கேளுங்க" என்றாள்.

சரி என்றேன். இது மூடநம்பிக்கைக்கு இணங்கியதாக ஆகாது. எதிர்த்தரப்பு அழுதால் கூட்டத்தை ஒத்திவைப்பது நாகரிகம்.

ஆகஸ்ட் 3

கஸ்தூரி என்னை நம்பவில்லை. பக்கத்து ஃபிளாட் பிலோமினா டீச்சரை மேற்பார்வைக்கு நியமித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தையலும் கைவேலையும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். குளவிக் கூட்டைப் பார்த்ததும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"டீச்சர், உங்க மதத்துலயுமா இது?" என்றேன்.

"கொழந்த வர்ற விஷயத்துல என்ன சார் மதம்?" என்று சொல்லிவிட்டு மீன் குழம்புக் கிண்ணத்தை மேசையில் வைத்தார். குழம்பு நன்றாக இருந்தது.

இது தவிர, கஸ்தூரிக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை கூட்டின் போட்டோ வாட்ஸப்பில் போக வேண்டும். மேலிடத்து உத்தரவு.

ஆகஸ்ட் 5

வேலை எதுவும் இல்லாததால் குளவிக்கு ஒரு ட்ரிப் ஷீட் போட்டேன்.

புறப்பாடு 8.04, வருகை 8.11. புறப்பாடு 8.13, வருகை 8.21. புறப்பாடு 8.22, வருகை 8.30. காலையில் மட்டும் பதினேழு ட்ரிப். டீச்சர் வீட்டு பால்கனி பூந்தொட்டியிலிருந்து மண் எடுக்கிறது. ஒரு ட்ரிப் கூட கட் இல்லை. டீ குடிக்க நிற்பதில்லை. ஓவர்டைம் கேட்பதில்லை. டிரைவர்களுக்கு இதைக் காட்டியிருக்க வேண்டும்.

குளிக்கவில்லை. துண்டை நனைத்துத் துடைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7

முக்கியமான கண்டுபிடிப்பு. மண் ட்ரிப் முடிந்துவிட்டது. இன்று காலை 9.16க்கு குளவி ஒரு சிறிய பச்சைச் சிலந்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து கூட்டுக்குள் திணித்தது. 9.50க்கு இன்னொன்று. செல்போனில் தேடிப் படித்தேன். சிலந்தியைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைத்து, அதன் மேல் முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிடுமாம். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. சிலந்தி சாவதில்லை, அசையவும் முடியாது.

குளவியின் மேல் எனக்கு முதன்முறையாக மரியாதை வந்தது. குளியலறைக் கதவை நாள் முழுவதும் திறந்து வைத்தேன். ஜன்னலில் துண்டு காய்ந்தால் வழி மறைக்கும் என்று அதையும் எடுத்துவிட்டேன். குளவி 11.05க்கு உள்ளே போனது. 11.06க்கு வெறுங்கையோடு வெளியே வந்தது. பெரிய இடத்தில் கை வைப்பதில்லை போலும். டிப்போவில் எங்கள் அதிகாரிகளும் இப்படித்தான்.

ஆகஸ்ட் 10

"சார், அக்கா வர்ற வரைக்கும் குளிக்கறதில்லன்னு ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டார் பிலோமினா டீச்சர். எனக்கு எந்த வேண்டுதலும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஐந்து சொம்பு ஊற்றிக்கொண்டேன். நேரம்: நாற்பது விநாடி.

ஆகஸ்ட் 14

கடிகாரம் இரண்டு நிமிடம் ஸ்லோ. பேட்டரி தீர்கிறது.

ஆகஸ்ட் 17

கடிகாரம் நான்கு நிமிடம் ஸ்லோ. பேட்டரி மாற்ற வேண்டுமானால் கடிகாரத்தைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கூடு இரண்டாகப் பிளந்துவிடும்.

கஸ்தூரியிடம் நிலைமையை விளக்கினேன். "கையில ஒண்ணு கட்டியிருக்கீங்கல்ல, அதப் பாருங்க" என்றாள். கைக்கடிகாரம் என் சொந்த விஷயம். சுவர்க் கடிகாரம் என்பது வீட்டின் நேரம். தப்பான நேரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவன் யாராக இருந்தாலும் அவனுக்கு மெமோ கொடுத்திருப்பேன்.

செம்மலர் இரண்டு வார்த்தை பேசினாள். "குளவி என்னப்பா பண்ணுது?" என்று கேட்டாள். நான்கு அறை கட்டி முடித்துவிட்டது, ஐந்தாவது நடக்கிறது என்றேன். கால் வீங்கியிருக்கிறதாம். சாதாரணமாக வருவதுதான் என்று அவளே சொன்னாள். எட்டு மாதம் முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 20

ஏழு நிமிடம் ஸ்லோ. ஹாலில் உட்காரப் பிடிக்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.

ஆகஸ்ட் 21

பதினொரு நிமிடம்.

ஆகஸ்ட் 22

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். விபத்து அறிக்கை எழுதிப் பழக்கமுண்டு.

காலை 10.20. கடிகாரம் 10.03 என்றது. பதினேழு நிமிடம். மெதுவாக, மிக மெதுவாக, மேல் பக்கத்தை மட்டும் ஒரு விரல் அளவு சாய்த்தால் பின்னாலிருக்கும் பேட்டரியைத் தொட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஸ்டூலில் ஏறினேன். சாய்த்தேன். விரல் பேட்டரியைத் தொட்டும் விட்டது. அப்போது குளவி வேலைக்குத் திரும்பி என் காதோரம் ரீங்காரமிட்டது. நான் துள்ளவில்லை. ஸ்டூல்தான் துள்ளியது.

கடிகாரம் என் கையில். கூடு தரையில்.

மண் அறைகள் ஐந்தும் உடைந்து சிதறிவிட்டன. உள்ளேயிருந்து பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத்தில் சிலந்திகள் கொட்டிக் கிடந்தன. எண்ணினேன், முப்பத்தொன்று. ஒன்று கூட ஓடவில்லை. சிலவற்றின் கால் மட்டும் லேசாக நடுங்கியது. நடுவில், சோற்றுப் பருக்கை அளவில், வெள்ளையாக ஒரு புழு. மற்றதெல்லாம் நசுங்கிவிட்டன. இது மட்டும் நெளிந்தது.

முப்பத்தொரு சிலந்திகளையும் என் கையால் பொறுக்கினேன். முறம், துடைப்பம் எதுவும் இல்லாமல், விரலால், ஒவ்வொன்றாக. நசுங்கிவிடக் கூடாதே என்று. சாட்சி யாரும் இல்லை என்றாலும் பதிவு செய்கிறேன். தயிர் டப்பாவில் பஞ்சு வைத்துப் புழுவையும் அவற்றையும் உள்ளே விட்டேன்.

10.40க்கு குளவி ஒரு சிலந்தியோடு வந்தது. கூடு இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. சிலந்தியைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் போனது. மாலை ஆறு வரை காத்திருந்தேன். திரும்பி வரவில்லை.

இதனால் எதுவும் ஆகப் போவதில்லை என்பது விஞ்ஞானம். நாலு மணிக்கு செம்மலருக்கு போன் செய்தேன். "ஏம்ப்பா இந்த நேரத்துல?" என்றாள். சும்மாதான் என்றேன். ஐந்து மணிக்கும் செய்தேன். ஆறு மணிக்குச் செய்தபோது மாப்பிள்ளை விமல் எடுத்து, "மாமா, அவ தூங்கறா" என்றார்.

ஆகஸ்ட் 23

போட்டோ அனுப்ப வேண்டிய நாள். பழைய போட்டோ ஒன்றை எடுத்து அனுப்பினேன். அனுப்பிய நேரம் மாலை 4.10. இரண்டாவது நிமிடம் போன் வந்தது.

"என்னங்க, போட்டோல மணி எட்டே கால் காட்டுது?"

முப்பத்தாறு வருடம் பொய்யான ட்ரிப் ஷீட்டுகளை நேரத்தை வைத்தே பிடித்தவன் நான். என்னை என் கடிகாரமே பிடித்துக் கொடுத்துவிட்டது. கடிகாரம் நின்றுவிட்டது என்றேன்.

"நீங்க இருக்கற வீட்ல கடிகாரம் நின்னு போச்சா?"

பேட்டரி, பேட்டரி என்றேன். நாளை மறுநாள் புது போட்டோ வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 24

புதிதாக ஒரு கூடு செய்வதென்று முடிவு செய்தேன். நம்பிக்கை காரணமாக அல்ல. கர்ப்பிணியின் தாயாருக்கு மன உளைச்சல் கூடாது என்பது மருத்துவ உண்மை. அதோடு டப்பாவில் இருக்கும் புழுவுக்கும் குடியிருக்க ஓர் இடம் வேண்டும்.

பூந்தொட்டி மண்ணைக் குழைத்துப் பார்த்தேன். உதிர்ந்துவிட்டது. நல்ல களிமண் வேண்டும். புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி என்பதால் மார்க்கெட் முனையில் ஒருவர் மண் பிள்ளையார் செய்து விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் களிமண் மூட்டையாகவே இருந்தது.

"களிமண் மட்டும் ஒரு உருண்டை கொடுப்பா" என்றேன்.

"மண்ண வித்துட்டு நான் இன்னா சார் பண்றது? புள்ளையாரா வாங்கிக்கோ. மண்ணுதானே உள்ள இருக்குது."

"எனக்குப் பிள்ளையார் வேண்டாம்."

"புள்ளையார் வாணாம்னு சதுர்த்திக்கு வந்து நிக்கறியே சார், வூட்ல எதுனா பிரச்சினையா?"

கூட்டம் கூடிவிட்டது. வாங்கினேன். கையோடு ஒரு காகிதக் குடையும் கொடுத்துவிட்டார். மன்றத்தின் முன்னாள் செயலாளர் பிள்ளையாருக்குக் குடை பிடித்தபடி பட்டப்பகலில் மார்க்கெட் தெருவில் நடந்து வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டே படியேறினால் மாடியில் பிலோமினா டீச்சர் நிற்கிறார். என்னைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே செல்போன் பேசும் சத்தம் கேட்டது.

மாலை 6.05. கஸ்தூரி போன்.

"புள்ளையார் வாங்குனீங்களாமே? எம் பொண்ணுக்காக நீங்க... போங்க, எனக்கு அழுவையா வருது."

ஆமாம் என்றேன்.

"சதுர்த்தி அன்னிக்கு வீடியோ கால்ல காட்டணும். எருக்கம்பூ மால போட்டு, அருகம்புல் வெச்சு."

ஆக, பிள்ளையாரை உடைக்க முடியாது.

ஆகஸ்ட் 25

உடைக்காமல் சமாளித்துவிட்டேன். ஈரத் துணியால் ஊறவைத்துப் பின்பக்கத்திலிருந்து ஸ்பூனால் களிமண்ணைச் சுரண்டி எடுத்தேன். முன்னாலிருந்து பார்த்தால் குறையொன்றும் தெரியாது. பின்னாலிருந்து பார்த்தால் முதுகே இல்லை. சுரண்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. அது கூச்சம்தான், வேறொன்றுமில்லை.

கூடு செய்வது எவ்வளவு கடினம் என்று இன்றுதான் தெரிந்தது. அந்தப் பூச்சி வாயாலும் காலாலும் செய்ததை என்னால் பத்து விரலால் செய்ய முடியவில்லை. மூன்று தடவை விழுந்தது. நாலாவது தடவை கடிகாரத்துக்கடியில் ஒட்டிக்கொண்டது. நடுவில் ஓர் அறை விட்டு, புழுவையும், கெடாமல் இருந்த சிலந்திகளில் பன்னிரண்டையும் உள்ளே வைத்து வாயைப் பூசினேன். எட்டிப் பார்க்க மிளகு அளவில் ஓர் ஓட்டை மட்டும் விட்டேன்.

கடிகாரத்துக்குப் புது பேட்டரி. நேரம் சரி. மன நிம்மதி இல்லை.

பேட்டரி மாற்றியது தெரியக் கூடாது என்று முள்ளைக் காட்டாமல் கூட்டை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு கஸ்தூரி, "என்னங்க, இட்லி மாதிரி உப்பிக் கெடக்குது?" என்றாள். மழைக் காலத்துக்காக குளவி கெட்டியாகப் பூசுகிறது என்றேன். நம்பிவிட்டாள். டீச்சரும் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 27

சதுர்த்தி. பிள்ளையாருக்கு முதுகு இல்லாததால் பின்பக்கம் சாய்கிறார். சர்க்கரை டப்பாவை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். எருக்கம்பூ மாலை, அருகம்புல், தலைக்கு மேல் குடை. டீச்சர் கொழுக்கட்டை செய்து கொண்டுவந்தார். கொழுக்கட்டையை நான் எப்போதுமே எதிர்த்ததில்லை. அது பலகாரம்.

வீடியோ காலில் செம்மலர் என்னையும் பிள்ளையாரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ப்பா, இது நீங்கதானா? யாராச்சும் மெரட்டுனாங்களா?" என்று சிரிக்க ஆரம்பித்தாள். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "ஏய், மெதுவாடி" என்று கஸ்தூரி அதட்டியும் நிற்கவில்லை. அவள் இப்படிச் சிரித்துப் பார்த்து மூன்று வருடம் இருக்கும். மன்றத்திலிருந்து என்னை நீக்கினாலும் பரவாயில்லை.

ஆனால் முகம் வீங்கியிருந்தது. கண் பாதிதான் திறந்திருந்தது.

ஆகஸ்ட் 28

டார்ச் அடித்துப் பார்த்தேன். புழு கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. இரண்டு சிலந்தியைக் காணோம். சாப்பிட்டிருக்கிறது. டீச்சர் வீட்டுக்குப் போய் ஒரு கொழுக்கட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 29

புழு அசையவில்லை. சாப்பிட்ட களைப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 30

காலை 8.00. புழு கறுத்திருக்கிறது.

8.30. ஒரு வேளை வெளிச்சம் சரியில்லையோ என்று டார்ச்சுக்குப் புது செல் போட்டேன். கறுப்புதான். ஊசியால் தொட்டேன். சுருங்கிவிட்டது. நான் எங்கேயோ தப்பாகப் பூசியிருக்கிறேன். காற்று போயிருக்காது, அல்லது அதிகமாகப் போயிருக்கும்.

மதியம் 3.10. விமல் போன். செம்மலருக்கு பிரஷர் எகிறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இன்றே ஆபரேஷன். மூன்று வாரம் முன்னதாக. "மாமா, பயப்படாதீங்க" என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லாமலே வைத்துவிட்டார்.

3.25. இது தற்செயல். ஒரே ரூட்டில் இரண்டு வண்டி ஒன்றாக வந்து நிற்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. ஜனங்கள்தான் டைம் கீப்பர் சதி செய்கிறான் என்பார்கள். புழு செத்ததற்கும் பிரஷருக்கும் சம்பந்தமில்லை. இல்லை. பதினெட்டு வருடம் மேடையில் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். இல்லை.

3.40. பெங்களூருக்கு எந்த வண்டியில் ஏறினாலும் போய்ச் சேர ஏழு மணி நேரம். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

4.00. குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். டீச்சருக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டேன். சிலந்தி இருந்ததா என்று பார்க்கவில்லை.

4.35. வெளியே வந்தால் பிலோமினா டீச்சர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். கஸ்தூரி போனில் சொல்லியிருக்கிறாள். கூடு உடைந்துவிட்டது, நான்தான் உடைத்தேன், இது போலி, உள்ளே இருந்ததும் செத்துவிட்டது என்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"தெரியும் சார். முப்பது வருசம் புள்ளைங்களுக்குக் களிமண் வேல சொல்லிக் குடுத்தவ. குளவி கட்டுன கூட்டுல பெருவிரல் ரேகை எப்படி வரும்?"

"கஸ்தூரிகிட்ட சொல்லலையா?"

"நீங்க அத எவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சிருக்கீங்கன்னும் பாத்தேன்ல" என்றார்.

பிறகு முழங்காலிட்டு ஜெபம் செய்ய ஆரம்பித்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். துணைக்காக. இடையில் அவர் ஆமென் என்றபோது நானும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நினைவில்லை.

5.58. விமல் போன். பெண் குழந்தை. பிறந்த நேரம் 5.42. இரண்டு கிலோ இருநூறு கிராம். செம்மலர் நன்றாக இருக்கிறாள். நேரத்தை நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்று முறை சொன்னார்.

டீச்சர் என் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். தடுக்கவில்லை.

மாலை 6.30. இப்போதுதான் கஸ்தூரி பேசினாள். அதை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

அவள் குழந்தையைப் பற்றிச் சொல்வாள் என்று பார்த்தால், எடுத்ததும் அழுதாள்.

"உங்ககிட்ட ஒண்ணு மறச்சிட்டேங்க. நான் இங்க வந்த மூணாம் நாளு பால்கனியில ஒட்டட அடிச்சேன். அந்த மூலையில ஒரு குளவிக் கூடு இருந்திருக்கு. பாக்கல. தொடப்பம் பட்டு மொத்தமா இடிஞ்சி விழுந்திடுச்சி. உள்ள புழுவெல்லாம் நெளியுது. எனக்கு உசுரே போயிடுச்சி. செம்மலர்கிட்ட சொல்லல, மாப்பிள்ளகிட்ட சொல்லல. எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிட்டு வந்து உக்காந்தா, மறுநாளே நீங்க போன் பண்றீங்க, நம்ம வீட்ல கூடு கட்டுதுன்னு. அந்தக் கடவுள்தான் எனக்கு இன்னொண்ணு குடுத்தாருன்னு நெனச்சேன். அதான் உங்க உசுர எடுத்தேன். ஒரு மாசமா நான் தூங்கலைங்க. இன்னிக்கு அவள உள்ள தள்ளிட்டுப் போறப்பகூட, எங்க வீட்ல ஒரு கூடு முழுசா இருக்கு, அவரு பாத்துப்பாருன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதற்குக் கீழே பிள்ளையாரின் முதுகு மண்ணில் என் பெருவிரல் ரேகையோடு இட்லி மாதிரி உப்பியிருந்த கூட்டைப் பார்த்தேன்.

அங்கே ஒரு கூடு உடைந்தது. இங்கே ஒரு கூடு உடைந்தது. மாற்றாகச் செய்ததும் செத்தது. குழந்தை 5.42க்கு வந்துவிட்டது. பதினெட்டு வருடம் மேடை மேடையாக நான் தேடிய ஆதாரம் இதுதான். இதைவிட நல்ல ஆதாரம் எந்த மன்றத்துக்கும் கிடைத்திருக்காது. கஸ்தூரியோடு போட்ட முப்பத்துநான்கு வருடச் சண்டையையும் ஒரே நிமிடத்தில் ஜெயித்துவிடலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"கூடு நல்லா இருக்குல்ல?" என்று கேட்டாள். குழந்தையின் குரல் பின்னால் கேட்டது.

"ஒரு கீறல் இல்ல" என்றேன்.

"இப்பவாச்சும் நம்புறீங்களா?"

"நம்புறேன் கஸ்தூரி."

பதறிப்போய்க் கேட்டாள்.

"என்னங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா? டீச்சரக் கொஞ்சம் கூப்புடுங்க."